டெமோவில் கேட்ட சத்தம் நம் கைக்கு வர எந்த வழி நல்லது?

கீபோட் கடையில், கருவியைத் தானாகவே பாட வைக்கும் டெமோ பட்டனை விடக் கெட்டிக்கார விற்பனையாள் கிடையாது. ஹட்டனிலோ கண்டியிலோ கடைக்குள் நுழைந்து அதை ஒரு தரம் அழுத்தினால் போதும். மணி மாதிரி ஒரு சத்தம் விழும், பின்னால் வயலின்கள் மெல்ல எழும்பி வரும், பேஸ் நெஞ்சில் வந்து இடிக்கும். கடன்பட்டாவது எடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். எடுத்து வந்து லயத்துக் காம்பராவில் மேசை மேல் வைத்து, அதே பெயருள்ள டோனை (வாத்தியச் சத்தத்தை) தேடிப்பிடித்து ஒரு கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வைத்தால், வருவது வேறு ஏதோ ஒரு மெலிந்த சத்தம்.

"அண்ணே, டெமோவுல வர்ற அந்த டோன் எத்தனையாம் நம்பர்?" திருவிழா மேடைக்குப் பின்னாலும், ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். ஒரே ஒரு நம்பரைச் சொல்லி அனுப்ப முடியாத கேள்வி இது. அந்தச் சத்தத்தை எட்டிப் பிடிக்க ஆட்கள் போகிற பாதைகள் ஐந்து. இருக்கிற கீபோட்டிலேயே டோன்களை அடுக்குவது, டோனைத் திறந்து உள்ளே திருத்துவது, பென் டிரைவில் டோன் வாங்கி ஏற்றுவது, லெப்டொப்பில் மென்பொருள் போட்டு வாசிப்பது, டெமோவையே ஒலிப்பதிவு செய்து பயன்படுத்துவது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தோட்டத்துக் கோயில், சின்னத் தேவாலயம், கலியாண மண்டபம் என்று வாசிக்கிறவருக்கு முதல் வழிதான். வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிறவருக்கு லெப்டொப். மற்ற மூன்றும் ஆளையும் கருவியையும் பொறுத்தது. ஏன் என்று பார்ப்போம்.

டெமோவுக்குள் என்னதான் இருக்கிறது

டெமோ ஒரு டோன் கிடையாது. அது கீபோட்டின் நினைவகத்தில் எழுதி வைத்த முழுப் பாட்டு. கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி முறை 1983ல் வந்தபோதே ஒரே வயரில் 16 சேனல்கள் என்று வகுத்துவிட்டார்கள். டெமோ எழுதுகிறவர் அவ்வளவையும் பயன்படுத்தலாம்: ஒன்றில் பியானோ, ஒன்றில் பேஸ், ஒன்றில் தாளம், இரண்டு மூன்றில் வயலின்கள். அவற்றின் மேல் மண்டபத்து எதிரொலி மாதிரி ரிவேர்ப், சத்தத்தை அலைய வைத்து அகலமாக்கும் கோரஸ். அதைக் கேட்டுவிட்டு ஒரு டோனைத் தனியாகத் தட்டிப் பார்ப்பது, ஆட்டிறைச்சிப் பிரட்டலை நினைத்துக்கொண்டு மிளகாய்த் தூளை நக்கிப் பார்ப்பது மாதிரி.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. 1983ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரில் ரிவேர்ப், கோரஸ் எதுவும் உள்ளே கிடையாது. ஒரு ஒலி அலையால் இன்னொன்றை அசைக்கும் எஃப்எம் முறையில் உருவான டோன் அப்படியே வெறுமையாக வெளியே வரும். 1987ல் ரோலண்ட் டி-50 வந்தது. நிஜ வாத்தியச் சத்தங்களின் தொடக்கத் துணுக்கை மட்டும் சிப்பில் வைத்து, பின்பகுதியை சிந்தசைசர் ஒலியால் நீட்டி, ரிவேர்ப்பையும் கோரஸையும் கருவிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். எரிக் பெர்சிங் போன்ற ஒலி வடிவமைப்பாளர்கள் அதற்கு உருவாக்கிய டோன்கள், ஒரு விரல் வைத்தாலே சினிமாப் பின்னணி இசை போல விரியும். அடுத்த வருடம் கொர்க் எம்1. எட்டு டோன் வரை அடுக்கி 'கொம்பினேஷன்' என்று ஒரே பட்டனில் வைத்தது, கூடவே பாட்டு எழுதி வைக்கும் சீக்வென்சரும் தந்தது. அதற்குப் பிறகு கடையில் கேட்பது பெரும்பாலும் அடுக்கிய சத்தம்தான். ரோலண்டின் பழைய கருவிகள் சிலவற்றில் டெமோவுக்கு 'ரொம் ப்ளே' என்றே பெயர். இன்றும் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம்: டெமோ விசைகளைத் தொடுவதே இல்லை. நினைவகத்திலிருந்து நேராக ஒலி எஞ்ஜினுக்குப் போகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் இவ்வளவு அழுத்தம் என்று அளந்து எழுதியிருப்பார்கள். நம் விரலோ எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் குத்தும். போதாததற்கு நம் ஊர் ஈரம் வேறு. விசைக்கு அடியில் ரப்பரில் இரண்டு கரித் தொடுமுனைகள் இருக்கின்றன. முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துத்தான் கருவி அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. தென்மேல் பருவ மழையில் மாதக்கணக்காக உறையில்லாமல் கிடந்த கீபோட்டில் அந்த முனைகளில் அழுக்குப் படிந்தால், சில விசைகள் எப்படித் தொட்டாலும் கத்தும், சில ஊமையாகும். அதனால் டெமோ நன்றாகக் கேட்டு, விசைகள் மட்டும் ஒரு மாதிரிக் கேட்டால், டோனை மாற்றுவதற்கு முன் திருத்துகிறவரிடம் காட்டுங்கள். கடையில் புது டோன் கேட்டு அலைகிறவர்களில் சிலருக்குத் தேவை ரப்பர் தொடுமுனை துடைப்பதுதான்.

இருக்கிற கீபோட்டிலேயே அடுக்குவது

இதற்குச் செலவு ஒரு நல்ல ஹெட்போன். மீதி எல்லாம் காது.

டெமோவைப் போட்டு, உங்களுக்குப் பிடித்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். கேட்கும்போது மூன்று கேள்வி. முதலில், சத்தம் விழுகிற அந்த அரை செக்கனில் என்ன இருக்கிறது? 'டிங்' என்று மணியா, தந்தியா, காற்றா? அடுத்து, விழுந்த பிறகு தாமதமாக எழுந்து வருவது எது? கடைசியாக, விரலை எடுத்த பிறகு என்ன மிஞ்சுகிறது? மிஞ்சுவது தாளத்தோடு திரும்பத் திரும்பக் கேட்டால் அது டிலே. மங்கி மங்கிக் கரைந்தால் ரிவேர்ப். மெல்ல அலைந்தால் கோரஸ். அப்புறம் ஹெட்போனை ஒரு காதுக்கு மட்டும் வைத்துக் கேளுங்கள், பிறகு மற்றக் காதுக்கு. இரண்டு பக்கமும் வேறு வேறு வாத்தியம் ஒளிந்திருப்பது பிடிபடும்.

கடைக்குக் கடை கேட்கிற அந்த மணி-வயலின் சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். யமஹா பிஎஸ்ஆர்-ஈ373 மாதிரி ஒரு சின்ன கீபோட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதன்மை டோனாக எஃப்எம் வகை எலக்ட்ரிக் பியானோ. டிஎக்ஸ்7ன் வாரிசு அது, மணி அங்கிருந்துதான் வருகிறது. 'டுவல்' பட்டனை அழுத்தி இரண்டாவது டோனாக மெதுவாக எழும்பும் ஸ்ட்ரிங்ஸ் அல்லது ஒரு பேட் (இழுபட்டு நிற்கும் பின்னணிச் சத்தம்). பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு 'வரலையே' என்பார்கள். இரண்டும் ஒரே சத்தத்தில் இருந்தால் வராது. முதன்மை 100 என்றால் இரண்டாவதை 60, 65க்கு இறக்குங்கள். மணி முன்னாலும் வயலின் பின்னாலும் போய் நிற்கும். ரிவேர்ப்பை 'ஹோல்' வகைக்கு மாற்றி, இரண்டாவது டோனுக்கு அதிகமாகவும் முதலாவதற்குக் குறைவாகவும் கொடுங்கள். கோரஸ் இரண்டாவதற்கு மட்டும். மணியிலும் கோரஸ் போட்டால் அதன் கூர் மழுங்கிவிடும்.

பாதி வேலை முடிந்தது. மறுபாதி கோர்ட் வைக்கிற முறையில் இருக்கிறது. நாம் சி மேஜர் என்றால் சி-ஈ-ஜி மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் அமுக்குவோம். டெமோ எழுதியவர் அப்படி வைக்க மாட்டார். இடது கையில் சி, அதற்கு மேல் ஜி. வலது கையில் ஒரு ஒக்டேவ் (ஸ்தாயி) தள்ளி டி, ஈ, ஜி. இடைவெளி விட்டு, டி என்ற கூடுதல் சுரத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். டோனை மாற்றாமலேயே சத்தம் அகலமாகிவிடும். எனக்கு இந்த முழு விவகாரத்திலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். காசு கொடுத்து வாங்கவே முடியாத பகுதி இது.

இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு, பொலிஃபனி என்பார்கள். ஈ373ல் ஒரே நேரத்தில் 48 குரல்கள்தான். டுவல் போட்டால் ஒவ்வொரு விசைக்கும் குறைந்தது இரண்டு குரல் போகும். ஸ்டீரியோ டோன் என்றால் இன்னும் கூடும். ரிதமும் பேஸும் ஓடிக்கொண்டிருக்க, பெடலை அழுத்தியபடியே கோர்ட் மாற்றினால், முதலில் வைத்த சுரங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறையும். பெடலைக் கோர்ட்டுக்குக் கோர்ட் எடுத்து வையுங்கள். ஈ473ல் குரல்கள் 64, ரோலண்ட் ஜூனோ-டிஎஸ்ஸில் 128. புதிதாக வாங்குகிறவர் டோன் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் இந்த இலக்கத்தைப் பாருங்கள். 600 டோன் இருந்து என்ன, அடுக்கினால் மூச்சு வாங்குகிறதே!

ஒரு சத்தம் சரியாக வந்தவுடன் ரெஜிஸ்ட்ரேஷன் மெமரியில் போட்டுவிடுங்கள். திருவிழா மேடையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் கீபோட் அணைந்து எழும்பும். சேமிக்காதது எல்லாம் போய்விடும். சேமித்திருந்தால் ஒரே பட்டனில் திரும்பி வரும்.

டோனைத் திறந்து திருத்துவது

ஜூனோ-டிஎஸ், எக்ஸ்பிஎஸ்-30 போன்ற கருவி வைத்திருப்பவருக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது. ஒரு டோனுக்குள்ளேயே பல அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஃபில்டர், அட்டாக், ரிலீஸ் எல்லாம் தனித்தனியே மாற்றலாம். சின்ன கீபோட்டில் ஒன்றிரண்டு மட்டும்தான் கைக்கு எட்டும்.

டெமோ சத்தத்தைக் கிட்டத்தட்ட அச்சாக எடுக்க வேண்டும் என்றால் இதுதான் சரியான வழி, ஆனால் பொறுமை வேண்டும். வெறும் டோனிலிருந்து தொடங்காதீர்கள். டெமோவுக்கு மிக அருகில் இருக்கிற டோனை எடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். பேட் சீக்கிரம் எழும்புகிறதா, அட்டாக்கைக் கூட்டுங்கள். காதைக் கூச வைக்கிறதா, ஃபில்டரின் கட்-ஓஃபை இறக்குங்கள். விரலை எடுத்ததும் வெட்டினாற்போல் நிற்கிறதா, ரிலீஸ். இந்த மூன்றிலேயே பெரும்பாலான வித்தியாசம் அடங்கிவிடும். மீதி மெனுக்களுக்குள் போனால் இரவு போய்விடும், பாட்டுப் பழக நேரம் இருக்காது. வாசிப்பதை விட நோண்டுவதில் ருசி கண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். திருவிழாவுக்கு அவர்களை நம்ப முடியாது.

மிடி வயரைப் போட்டு டெமோவின் சுரங்களைக் கம்பியூட்டருக்கு இழுத்து ஆராயலாமே என்று ஒரு யோசனை வரும். பல கருவிகளில் அது நடக்காது. டெமோ ஓடும்போது மிடி வெளியே போகாதபடி அடைத்து வைத்திருப்பார்கள். ரோலண்டின் கையேடுகளில் இதை எழுதியே இருப்பார்கள். டெமோவை சொந்தமாகக் கேட்டு மகிழ்வதைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே பக்கத்தில் இருக்கும்.

பென் டிரைவில் டோன் வாங்குவது

நம் இளைஞர்கள் அதிகம் காசு விடுகிற இடம் இது. இந்தியாவிலிருந்து வரும் டோன் தொகுப்புகள், யாரோ ஒருவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபைல், பண்டாரவளையில் ஒருவர் வாங்கியதைப் பதுளையில் இன்னொருவர் பிரதி எடுத்தது என்று பல கைகள் மாறி வரும்.

வாங்குவதற்கு முன் ஒரே கேள்வி: உங்கள் கீபோட் புது டோனை ஏற்குமா? பல சின்ன கீபோட்களில் புதிய ஸ்டைல் (தாளப் பின்னணி) ஏற்ற இடம் இருக்கும், புதிய டோன் ஏற்ற இடம் இருக்காது. யமஹாவின் பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ் வரிசையில் எக்ஸ்பான்ஷன் பேக் (கூடுதல் டோன் தொகுப்பு) ஏற்றலாம். ஜூனோ-டிஎஸ்ஸில் சாம்பிள்களையே (பதிவு செய்த சத்தங்களை) உள்ளே எடுக்கலாம். ரோலண்ட் நிறுவனம் 'ஆக்சியல்' என்ற பெயரில் இலவசமாகவே டோன்களைத் தந்திருக்கிறது, காசு கொடுப்பதற்கு முன் அதைத் தேடுங்கள். ஏற்றும்போது உங்கள் பழைய டோன்களின் மேலேயே புதியவை எழுதப்படலாம், ஆகவே முதலில் பக்கப் எடுத்து வையுங்கள். அப்புறம், டோன் விற்கிறவர் போடுகிற வீடியோவும் ஒரு டெமோதான். அங்கேயும் நல்ல வாசிப்பு, நல்ல ரிவேர்ப், நல்ல ஸ்பீக்கர். அதில் மயங்கி வாங்கினால் கடையில் நடந்ததே இன்னொரு தரம் நடக்கும்.

இந்த வழி உண்மையில் பயன்படுவது நம் வாத்தியங்களுக்கு. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக 1991ல் வகுத்த ஜெனரல் மிடி பட்டியலில் 128 டோன்கள். 105ல் சிதார் இருக்கிறது, 112ல் ஷெனாய் இருக்கிறது. நாதஸ்வரம் இல்லை. தவில் இல்லை. யமஹா பிஎஸ்ஆர்-ஐ வரிசை, ரோலண்ட் எக்ஸ்பிஎஸ் வரிசை போன்றவை இந்தியச் சந்தையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை, அவற்றில் நிலைமை பரவாயில்லை. மற்றக் கருவி வைத்திருப்பவர் அம்மன் ஊர்வலத்துக்கு வாசிக்க வேண்டுமென்றால் நல்ல நாதஸ்வர டோன் ஒன்றை வாங்குவதில் தவறில்லை.

ஆனால் வாங்கிய பிறகும் டெமோ மாதிரி வராது, இடது கை சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்துக்குப் போகும் வரை. இந்திய டோன்களின் டெமோவைக் கவனித்துக் கேளுங்கள். ஒரு சுரமும் நேராக நிற்காது. கீழிருந்து வழுக்கி ஏறும், உச்சியில் அசையும், அடுத்ததுக்குச் சரியும். சக்கரம் வழக்கமாக மேலும் கீழும் இரண்டு செமிடோன் (அரைச்சுரம்) போகும்படி வைத்திருப்பார்கள். பெரும்பாலான கமகத்துக்கு அது போதும். கருவியில் ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும் 'மோனோ' முறையும் போர்ட்டமென்ட்டோவும் இருந்தால் போட்டுவிடுங்கள். ஒரு சுரம் முடியாமல் அடுத்தது இழுபட்டு வரும். இப்படி வாசித்தால் 112ஆம் நம்பர் ஷெனாயே ஊர்வலத்துக்குச் சமாளிக்கும். சக்கரத்தைத் தொடாமல் வாசித்தால் எந்த விலை நாதஸ்வரமும் பீப்பீ ஊதல்தான்.

தப்பு மேளத்தின் சத்தத்தையும் சிலர் பென் டிரைவில் தேடுகிறார்கள். மாசியில் காமன் கூத்துக்கு அடிக்கிற ஆட்கள் பக்கத்து லயத்திலேயே இருக்கும்போது அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

லெப்டொப்

சத்தத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் இதை அடிக்க ஒன்றுமில்லை. டெக்ஸெட் என்ற இலவச மென்பொருள் டிஎக்ஸ்7ன் உள்கட்டமைப்பை அப்படியே நடிக்கும், பழைய டிஎக்ஸ்7 டோன் ஃபைல்களையும் ஏற்கும். சேர்ஜ் எக்ஸ்டீ என்ற சிந்தசைசர் மென்பொருள் முற்றிலும் இலவசம், வைட்டல் என்ற இன்னொன்றுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. சின்ன கீபோட்டை யூஎஸ்பி வயரால் இணைத்தால் அதன் விசைகளே இவற்றை வாசிக்கும். எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போடலாம், எஃபெக்ட் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்.

தலைவலி தாமதத்தில் இருக்கிறது. விசையை அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் லெப்டொப் கொஞ்சம் யோசிக்கும். 44,100 சாம்பிள் வேகத்தில் 256 சாம்பிள் பஃபர் (சத்தம் வெளியே போகுமுன் சேர்த்து வைக்கும் இடம்) வைத்தால் அதுவே ஏறக்குறைய 6 மில்லிசெக்கன். இது கைக்குத் தெரியாது. ஸ்பீக்கர் மூன்று மீட்டர் தள்ளி இருந்தாலே காற்றில் வர 9 மில்லிசெக்கன் ஆகிறது. ஆனால் விண்டோஸின் வழக்கமான ஓடியோ டிரைவரோடு வாசித்தால் தாமதம் இதைவிடப் பல மடங்கு போகும், தாளத்தோடு ஒட்டவே முடியாது. ஓடியோ இன்டர்ஃபேஸ் (லெப்டொப்புக்கு வெளியே பூட்டும் ஒலிப் பெட்டி) ஒன்று வாங்கினால் தீரும். இல்லாவிட்டால் ஏசியோ4ஓல் என்ற இலவச டிரைவர் ஓரளவு கைகொடுக்கும். சார்ஜர் குத்தியிருக்கும்போது மிக்சரில் 'ஙீ' என்று ஒரு இரைச்சல் வந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பிரச்சினை எர்த்தில், இரைச்சலைத் தடுக்கும் டிஐ பொக்ஸ் ஒன்று போட வேண்டும்.

விலையையும் பார்க்க வேண்டும். 2022ல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியதற்குப் பிறகு, லெப்டொப்பும் இன்டர்ஃபேஸும் சேர்த்தால் கீபோட்டின் விலையை விழுங்கிவிடுகிறது. ஏற்கெனவே வீட்டில் ஒரு லெப்டொப் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும்.

மேடைக்கு? கரண்ட் விஷயத்தில் லெப்டொப்பைக் குறை சொல்ல முடியாது. பேட்டரி இருக்கிறது, கீபோட் அணைந்தாலும் அது அணையாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதாகச் சொல்லி நாடு முழுவதும் கரண்ட் போனதே, அன்று லெப்டொப்போடு பேட்டரியில் ஓடும் கீபோட்டும் வைத்திருந்தவர் தாராளமாக வாசித்திருக்கலாம், அம்ப்தான் செத்திருக்கும். எனக்கு மேடையில் லெப்டொப் பிடிக்காததற்குக் காரணம் வேறு. பனியும் தூறலும் விழுகிற திறந்த மேடை, ஆடுகிற மேசை, நான்கு வயர், அதில் ஒன்றைக் காலால் இழுக்கும் பிள்ளைகள், பாட்டின் நடுவில் அப்டேட் கேட்கும் திரை. வீட்டுப் பதிவுக்கு ராஜா. மாரியம்மன் தேர் இழுக்கும் இரவுக்கு வேண்டாம்.

டெமோவையே ஒலிப்பதிவு செய்வது

கருவியின் பின்னால் உள்ள லைன் அவுட் துளையிலிருந்து பதிவு செய்து, அதிலிருந்து வெட்டி, தாளப் பேடில் போட்டுத் தட்டலாம். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சுருதியை மாற்றினால் சத்தம் கெடும், வேகம் பொருந்தாது, எல்லா வாத்தியமும் கலந்து கிடப்பதால் வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கவும் முடியாது. உரிமைப் பிரச்சினை வேறு. பதிவு செய்யுங்கள், ஆனால் காதுக்குப் பாடமாக வைத்துக்கொள்ள மட்டும். ஃபோனில் போட்டுப் பஸ்ஸில் போகும்போது கேட்டால், முன்பு சொன்ன மூன்று கேள்விக்கும் பதில் மெல்ல மெல்லப் பிடிபடும்.

எங்கே கேட்கப்போகிறது?

வழியைத் தேர்வதற்கு முன் இதைக் கேட்டிருக்க வேண்டும், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கடையில் டெமோ ஒலித்தது கருவியின் இரண்டு ஸ்பீக்கரில், அல்லது ஹெட்போனில், ஸ்டீரியோவாக. நம் மேடையில் மிக்சருக்குப் போவது ஒரே ஒரு வயர். மோனோ. கோரஸாலும் ஸ்டீரியோப் பியானோவாலும் வந்த அகலம் அங்கே மடிந்துவிடும். சில டோன்களில் இடமும் வலமும் ஒன்றையொன்று தின்று சத்தமே உள்ளொடுங்கிப் போகும். மோனோ என்று பெயரிலேயே போட்ட பியானோ டோன் உங்கள் கருவியில் இருந்தால், மேடைக்கு அதை எடுங்கள். ஒற்றை வயர் என்றால் எல்/மோனோ என்று எழுதிய துளையில்தான் குத்த வேண்டும். வலது துளையில் குத்திவிட்டுப் பாதிச் சத்தத்தைத் தேடுகிறவர்களும் உண்டு.

கோயில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் என்றால் நிலைமை இன்னும் கடுமை. அவற்றில் பல 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் தராது. கீபோட்டின் நடுவில் இருக்கிற சி சுமார் 262 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழே நீங்கள் அடுக்கிய பேட், பேஸ் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேராது, போவது மணியின் 'டிங்' மட்டும். அதற்குப் பேடை ஒரு ஒக்டேவ் மேலே ஏற்றுங்கள், ரிவேர்ப்பைக் குறையுங்கள், ஒரு அடுக்கை எடுத்தே விடுங்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கல் தேவாலயத்தில் வாசிக்கிறீர்களா? கட்டடமே ரிவேர்ப் போடும், கருவியில் இருப்பதை நிறுத்தலாம். தகரக் கூரைச் செபக்கூடம் என்றால் மழை தொடங்கியதும் மெல்லிய பேட் எதுவும் கேட்காது, தந்தி, பியானோ போன்ற கூரான டோனுக்கு மாறிவிட வேண்டியதுதான்.

லெப்டொப்புக்கோ டோன் தொகுப்புக்கோ மேடை ஆட்களை நான் அவசரப்படுத்தாததற்கு இதுவே பெரிய காரணம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய நுணுக்கம் முழுவதும் அந்தக் குழாய்க்குள் நுழையும்போதே உதிர்ந்துவிடுகிறது. டுவலில் சொந்தமாக அடுக்கியவருக்கு, எந்த அடுக்கை எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஒலிபெருக்கிக்காரர் "கொஞ்சம் கொரகொரங்குது" என்று சொன்னவுடன், பாட்டு ஓடும்போதே கை அந்த இடத்துக்குப் போகும். வாங்கிய டோனில் எதைக் குறைப்பது என்றே தெரியாமல் நிற்க வேண்டி வரும்.

இனிமேல்தான் கீபோட் வாங்கப் போகிறீர்கள் என்றால், சொந்த ஹெட்போனைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் டெமோ போட்டுக் காட்டட்டும், கேளுங்கள். கேட்டு முடிந்ததும் ரிவேர்ப்பையும் கோரஸையும் அணைக்கச் சொல்லி, பியானோ, ஸ்ட்ரிங்ஸ், உங்களுக்கு வேண்டிய இந்திய டோன் ஆகிய மூன்றையும் மெதுவாகவும் அழுத்தியும் வாசித்துப் பாருங்கள். டுவலில் இரண்டு டோனுக்கும் தனித்தனியாகச் சத்தம் வைக்க முடிகிறதா, பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கிறதா, ரெஜிஸ்ட்ரேஷன் எத்தனை, பின்பக்கம் லைன் அவுட் இருக்கிறதா அல்லது ஹெட்போன் துளை மட்டும்தானா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடுமா என்றும் கேட்டுவிடுங்கள். இவ்வளவும் ஒத்துவந்தால் விலை பேசலாம்.